'அதான் இன்சூரன்ஸ் இருக்கே!'

கல்லூரியில் இடம் கிடைத்ததும் பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுப்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. வசதி இருந்தால் அப்பாவின் காரும் கைமாறுகிறது. ஆர்.சி. அப்பா பெயரில், சாவி பிள்ளையின் பையில். 'நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று கேட்டால், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அதான் இன்சூரன்ஸ் இருக்கே, கம்பெனிக்காரன் பார்த்துப்பான்." இந்த நம்பிக்கையைப் போல ஆபத்தானது வேறில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துவது தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மட்டும்தான். நம் வண்டி மோதி அடிபடுகிற வழிப்போக்கருக்காக வந்த ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடும்கூட. ஆனால் வண்டியை ஓட்டும் உங்கள் பிள்ளை அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் அல்ல. கர்நாடகத்தில் இரவல் பைக்கில் போன ஒருவர், இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி திடீரென நின்றதில் மோதி இறந்துபோனார். குடும்பத்தார் அச்சட்டத்தில் அப்போதிருந்த 163ஏ பிரிவின் கீழ் இழப்பீடு கேட்டார்கள். இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், எனவே அந்தப் பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றது 2009-ல் உச்ச நீதிமன்றம். அப்பாவின் வண்டியை ஓட்டும் மகனும் மகளும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

"15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டியிருக்கிறேனே?" என்பார்கள். அதன் பெயரே 'ஓனர் டிரைவர்' காப்பீடு. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், லைசென்ஸ் வைத்துக்கொண்டு, தானே ஓட்டும்போது அடிபட்டால் கிடைக்கும் தொகை அது. பாலிசி வாசகப்படி அது அப்பாவுக்கானது, பிள்ளைக்கானது அல்ல.

அடுத்தது, 'அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே போட்டாச்சு' என்ற மயக்கம். கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில் பிறந்த உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புது பைக்கிற்கு 5 ஆண்டு, புது காருக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. ஆனால் ஷோரூமில் 'ஃபுல் கவர்' என்று கொடுக்கும் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு தேதிகள் இருக்கும். 'ஓன் டேமேஜ்' ஓராண்டில் முடியும். 'லயபிலிட்டி' ஐந்தாண்டு ஓடும். முதல் தேதி தாண்டியும் புதுப்பிக்காவிட்டால், கையில் மிஞ்சுவது வெறும் தேர்ட் பார்ட்டிதான்.

வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, பைக்கின் பின்னால் ஓசியில் ஏறிவருபவருக்குப் பொருந்தாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தினமும் பின்சீட்டில் வரும் நண்பனுக்குக் காலோ உயிரோ போய், தவறு உங்கள் பிள்ளையுடையது என்று முடிவானால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில் விழும். லட்சக்கணக்கில் போகும் அந்தத் தொகைக்கு வீட்டை விற்றாலும் போதாமல் போகலாம்.

லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால் கதை இன்னும் மோசம். அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, அதே தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கின் தீர்ப்பு வழிவிடுகிறது. எல்.எல்.ஆரை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாமல் காரை எடுப்பதும் விதிமீறல்தான். முதலாண்டில் சேரும்போது பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்று சொன்னால் போதாது. அதை நிரூபிப்பதும் பெற்றோர் பொறுப்பு.

"எங்க பையன் நிதானமா ஓட்டுவான்" என்பது அடுத்த சமாதானம். நிதானமாகப் போகிறவன் முன்னாலும் நாய் குறுக்கே ஓடும், திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடக்கும். பிள்ளையின் நிதானத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் அதை மட்டுமே நம்பிக் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஓன் டேமேஜ் முடியும் தேதியைக் குறித்துவைத்துப் புதுப்பியுங்கள். பின்சீட்டில் வருபவருக்கு உங்கள் பாலிசியில் இடமிருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். 18 வயது நிரம்பி லைசென்ஸும் வந்துவிட்டால், ஆர்.சி.யையும் பாலிசியையும் பிள்ளை பெயருக்கே மாற்றலாம். ஓனர் டிரைவர் காப்பீடு அப்போதுதான் அவருக்குப் பொருந்தும். வண்டிக்கு லட்ச ரூபாய் எண்ணி வைத்தவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனமாகாது. இவையெல்லாம் முடியும்வரை பிள்ளை பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போகட்டும்.