தொடாமல் நேசிப்பது

நமது அரசியல் மேடைகளில் பச்சோந்தி ஒரு வசைச்சொல். கட்சி மாறியவரை ஏசுவதற்கு அதன் பெயரை எடுத்துக்கொண்ட நாம், அதன் இயல்பை அறிய முயன்றதில்லை.

கனடாவிலுள்ள நண்பரின் மகன் அண்மையில் யேமன் பச்சோந்திக் குஞ்சொன்றை வாங்கியிருக்கிறான். நாள் முழுவதும் கையிலேயே வைத்திருக்கிறான் என்று நண்பர் பெருமையோடு எழுதியிருந்தார். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை.

பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. கையிலெடுப்பதை அது கொஞ்சலாக அல்ல, ஆபத்தாகவே உணர்கிறது. அதன் நிறமாற்றம் வெறும் மறைந்துகொள்ளும் தந்திரமன்று. குளிரையும் அச்சத்தையும் சினத்தையும் வெளிக்காட்டும் மொழி. குஞ்சு கருமையடைந்தால் அது குளிரில் வாடலாம்; அஞ்சியும் இருக்கலாம்.

கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலைகளில் தங்கும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே நாள்தோறும் கூண்டுக்குள் நீர் தெளிக்கவேண்டும். புறஊதா-பி கதிர் தரும் விளக்கில்லையேல் உடலில் விற்றமின் டி3 போதிய அளவு உருவாகாது. உண்ட கல்சியம் பயன்படாமல் வளரும் எலும்புகள் வளைந்துபோகும். சன்னல் கண்ணாடியூடாக வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். இரையாகும் சில்வண்டுகள்மீது கல்சியத் தூள் தூவவேண்டும். இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் அடைத்தல் ஆகாது.

நோயுற்றாலும் இப்பிராணி எளிதில் வெளிக்காட்டாது. நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எனவேதான் சொல்கிறேன்: கூண்டும் விளக்கும் முதலில் வீட்டுக்கு வரட்டும், உயிர் பிறகு வரட்டும். தொட்டு மகிழ விரும்புவோர் பூனை வளர்க்கலாம். பச்சோந்தி பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே.