கடல் திருப்பித் தரும் கண்ணாடி



பள்ளி விடுமுறை வந்துவிட்டது. ஈசூனில் சித்தப்பா வீடோ அத்தை வீடோ உள்ளவர்கள் பிள்ளைகளுடன் சிங்கப்பூருக்குப் புறப்படுவீர்கள். தேக்காவையும் கடைத்தெருவையும் பார்த்து முடித்தபின், ஒரு காலைப்பொழுதைச் செம்பவாங் கடற்கரைக்கு ஒதுக்குங்கள். ஈசூனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் சில இயற்கையான கடற்கரைகளில் அதுவும் ஒன்று.

நீர் வற்றும் நேரத்தில் போய்க் குனிந்து பாருங்கள். கூழாங்கல்லுக்கும் சிப்பிக்கும் நடுவே பச்சையாகவும் பழுப்பாகவும், கற்கண்டு போல மங்கிய வெள்ளையாகவும் சிறு துண்டுகள் தென்படும். அவை கல் அல்ல, கண்ணாடி. என்றோ யாரோ வீசியெறிந்த போத்தலின் சில்லுகள்.

கையைக் கிழிக்கும் சில்லு எப்படி இப்படி வழுவழுப்பாயிற்று? கண்ணாடியே மணலைச் சோடாவுடனும் சுண்ணாம்புடனும் சேர்த்து உருக்கிச் செய்வதுதான். கடலில் விழுந்த சில்லை அலை மணலில் புரட்டிப் புரட்டிக் கூர்மையைத் தேய்க்கிறது. உப்புநீர் அதன் மேற்பரப்பிலிருந்து சோடாவையும் சுண்ணாம்பையும் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்க, பளபளப்புப் போய்ப் பனி படர்ந்தது போல் ஆகிறது. இது ஓரிரு ஆண்டில் நடப்பதல்ல. பல பத்தாண்டுகள் ஆகும்.

நிறமும் கதை சொல்லும். பழுப்பு பெரும்பாலும் பீர் அல்லது மருந்துப் போத்தல். வெளிச்சம் பட்டு உள்ளிருப்பது கெடாதிருக்கவே அந்த நிறம். வெளிர்பச்சை, மணலில் கலந்திருந்த இரும்பினால் வந்தது. கருநீலம் அரிது. அந்தக் காலத்தில் சில மருந்துகளையும் நஞ்சுகளையும் அந்நிறப் போத்தலில் அடைத்தார்கள்.

கோலி சோடா நினைவிருக்கிறதா? 1870களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் கண்டுபிடித்த போத்தல் அது. உள்ளிருக்கும் வாயு கண்ணாடிக் கோலியை மேலே தள்ளி, கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். கோலிக்காகவே போத்தலை உடைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! நம் பால்மரத்துக்கும் அந்தச் சோடாவுக்கும் இப்படியும் ஓர் உறவு.

செம்பவாங் வட்டாரத்துக்கும் போத்தலுக்கும் பழைய தொடர்பு உண்டு. அங்குள்ள வெந்நீர் ஊற்று 1909இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1883இல் சோடா வியாபாரமாகத் தொடங்கி வளர்ந்த பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம், 1920களில் அந்த ஊற்றுநீரைப் போத்தலில் அடைத்து விற்றது. இன்று அந்த ஊற்றைச் சுற்றிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள்.

ஈசூன் என்ற பெயரே லிம் நீ சூன் என்பவருடைய பெயரின் மாண்டரின் ஒலிப்பு. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெயர்பெற்றவர், 1936இல் காலமானார். அவர் பெயரை ஒரு நகரமே சுமக்கிறது. அந்த வட்டாரத்தில் பால் வெட்டியவர்களுக்கும், கடற்படைத் தளத்தில் உழைத்த நம்மவர்களுக்கும் பெயர்ப்பலகை ஏது? அவர்கள் குடித்த சோடாவும் பூசிய தைலமும் வந்த போத்தல்கள்கூட இந்தச் சில்லுகளில் கலந்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு சில்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். "எங்கள் லயத்தில் இந்த மாதிரிப் போத்தலில்தான்..." என்று தொடங்குவார். புத்தகத்தில் இல்லாத சரித்திரம் அப்போதுதான் வாய் திறக்கும். அதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும்.

சில எச்சரிக்கைகள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். பளபளப்பும் கூர்மையும் மாறாத சில்லு புதியது. அதைப் பிள்ளைகள் தொட வேண்டாம், பெரியவர்கள் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். உயிருள்ள நத்தை, நண்டு, சிப்பி எதையும் எடுக்காதீர்கள். நீரில் இறங்க விடாதீர்கள்.

அதே கரையில் பிளாஸ்டிக் போத்தலும் ஒதுங்கிக் கிடக்கும். கண்ணாடியைக் கடல் தேய்த்து மணியாக்குகிறது. பிளாஸ்டிக்கோ பொடிப்பொடியாக உடைந்து மீன் வயிற்றுக்குள் போகிறது. நம் பேரப்பிள்ளைகள் இந்தக் கரையில் எதைப் பொறுக்கப் போகிறார்கள் என்பது இன்று நாம் எதை வீசுகிறோம் என்பதில் இருக்கிறது. போகும்போது இரண்டு பை கொண்டுபோங்கள்: ஒன்று கண்ணாடிக்கு, மற்றொன்று குப்பைக்கு.