அறுத்துண்ணும் தேனடைக்கு ஏற்ற மெழுகுத் தாள்

சென்ற ஆண்டு பங்குனியில், டேராடூனில் லிச்சி மரங்கள் பூத்திருந்த நாட்களில், எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து முதன்முறையாகத் தேனடையை அறுத்தெடுத்து, சங்கத்து அன்பர் சிலருக்குத் துண்டுகளாக வழங்கினோம். மறுநாள் ஓர் அம்மையார் எங்களிடம், "தேன் அமிர்தந்தான், நடுவில் மெழுகுவத்தியை ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்டார். அவர் பேரன் வாயிலிருந்து சிறு கம்பித் துண்டு ஒன்றும் வெளிப்பட்டதாம். நல்ல வேளையாகக் குழந்தைக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. நாங்கள் நாணித் தலை குனிந்தோம்.

பிழை எங்களுடையதே. விலை மலிவென்று ஒரு கடையில் வாங்கிய, புழு அறைக்கென வார்த்த தடித்த தாளைக் கம்பியுடன் தேன் அறையிலும் பொருத்தியிருந்தோம். அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாளை 1857ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மேரிங் என்பவர் செய்து காட்டினார். அத்தாளின் இருபுறமும் ஈக்கள் அறைகளை எழுப்புகின்றன. தேனைச் சுழற்றிப் பிழிவோர்க்குத் தாள் பெட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் தடிப்பும் கம்பியும் அவர்க்கு வேண்டும். அடையோடு உண்போர்க்கோ தாளும் உணவாகின்றது. அவர்க்குக் கம்பி கூடாது. தாள் மிக மெல்லியதாயிருத்தல் வேண்டும்.

அடுத்தது தூய்மை. தேன்மெழுகு உருகும் வெப்பம் 62 முதல் 64 பாகை வரை. பாரபின் கலந்த தாள் பெட்டிச் சூட்டில் எளிதில் தொய்ந்து அறைகளைக் கோணலாக்கும். பழைய நல்ல தாளின்மேல் வெண்பூச்சுப் படிவதுண்டு; அதைக் கண்டு ஐயுற வேண்டா. இளஞ்சூடு காட்டினால் மறைந்து, தேன்மணம் எழும். தொட்டால் வழுவழுத்து, மணமற்றிருக்கும் தாளைத் தள்ளிவிடுக.

ஊரிலிருந்து வரும் உறவினரிடம் மார்த்தாண்டத்துத் தாள் வாங்கிவரச் சொல்வோரும் நம்மிடை உண்டு. ஊர்ப்பாசம் நன்றே, ஆயின் அங்குள்ள நம் நாட்டு ஈக்கென வார்த்த தாளில் அறையின் அகலம் குறைவு. வடநாட்டில் நாம் வளர்க்கும் இத்தாலிய ஈக்கு 5.3 அல்லது 5.4 மில்லிமீட்டர் வேண்டும். அளவு பொருந்தாவிடில் ஈக்கள் தாளைக் கடித்துத் தம் போக்கில் கட்டும்.

மெல்லிய தாள் கிட்டாதவர், சட்டத்தின் மேற்கட்டையில் ஓரங்குல அகலத் துண்டு மட்டும் ஒட்டலாம். கீழுள்ளதை ஈக்களே கட்டிக்கொள்ளும். அவ்வடையின் மென்மைக்கு ஈடில்லை. ஆனால் கட்டுவதற்குத் தேன் செலவாகும். ஆண் ஈக்குரிய பேரறைகளும் இடையே தோன்றும். பெட்டி சாயாதிருத்தல் மிக முக்கியம்.

கம்பியற்ற தாளை முன்கூட்டியே வைத்தல் ஆகாது. பூ மலர்ந்து தேன் வரத் தொடங்கிய பின்னரே வைக்க வேண்டும். கடுகுப் பூவின் தேன் அடைக்குள்ளேயே உறைந்துவிடுமாகையால், அப்பருவம் கழியும்வரை நாங்கள் பொறுத்திருப்போம். அறுத்த துண்டுகளை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தால் மெழுகுப்பூச்சியின் முட்டைகள் அழியும்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை மட்டும் நம் சகோதரிகள் விட்டுவிட வேண்டுகிறோம். ஓராண்டு நிரம்பாத மகவுக்குத் தேன் நஞ்சாகக் கூடும்.

இவ்வாண்டு கம்பியில்லாத ஆறு சட்டங்கள் ஆயத்தமாயுள்ளன. முதல் துண்டு அந்த அம்மையார் இல்லத்திற்கே செல்லும்.