அர்ஜுனாவிலிருந்து துரோணாச்சாரியா வரை: அலி கமரின் பயணமும் கொல்கத்தா குத்துச்சண்டையின் தேக்கமும்

கொல்கத்தா: காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிதர்பூரிலிருந்து வந்தது. 2002-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் 48 கிலோ எடைப்பிரிவின் இறுதிச் சுற்றில் இங்கிலாந்தின் டேரன் லேங்லியை வீழ்த்தி முகமது அலி கமர் அப்பதக்கத்தை வென்றார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 2022-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியா விருதை அவர் பயிற்சியாளராகப் பெற்றார்.

வீரராகவும் பயிற்சியாளராகவும் நாட்டின் உயரிய அங்கீகாரங்களைப் பெற்ற ஒருவரைத் தந்த நகரம், அவருக்குப் பின் அந்த வரிசையில் இன்னொருவரைத் தரவில்லை. 2006 முதல் 2022 வரை நடைபெற்ற 5 காமன்வெல்த் போட்டிகளில் இந்தியா குத்துச்சண்டையில் 10 தங்கப் பதக்கங்களை வென்றது. அவற்றில் 7 பதக்கங்கள் ஹரியாணா வீரர், வீராங்கனைகளுக்கும், 2 மணிப்பூருக்கும், 1 தெலங்கானாவின் நிகத் ஜரீனுக்கும் கிடைத்தன. மேற்கு வங்கத்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

திறமை வற்றிவிட்டது என்பது இதற்கு எளிதில் கிடைக்கும் விளக்கம். ஆனால், இந்தியக் குத்துச்சண்டையின் வரலாற்றையும், குறைந்த எடைப்பிரிவு வீரர்களுக்கு உலகில் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படுகிறது. சிறிய உடல்வாகு கொண்ட ஏழை இளைஞர் ஒருவர் கையுறை அணிந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை நடப்பதற்கான பாதை இந்நகரில் அமைக்கப்படவில்லை என்பதே அது.

வங்கத்தில் ஊன்றிய விதை

இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என அழைக்கப்படும் பரேஷ் லால் ராய் வங்கத்தைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற விமானி இந்திர லால் ராயின் சகோதரர். இங்கிலாந்தில் பயின்ற காலத்தில் இக்கலையைக் கற்ற அவர், தாயகம் திரும்பியபின் அதை இளைஞர்களிடையே பரப்பினார். பிரிட்டிஷ் படைவீரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் ஆடிவந்த விளையாட்டு, வங்காள இளைஞர்களின் உடற்பயிற்சிக் கழகங்களுக்குள் நுழைந்தது.

அதன் விளைவு சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்கிலேயே தெரிந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற 7 பேர் கொண்ட இந்தியக் குத்துச்சண்டை அணியில் ராபின் பட்டா, பினய் போஸ் போன்ற வங்க வீரர்கள் இடம்பெற்றனர். லைட்வெயிட் பிரிவில் ஜீன் ரேமண்ட் களமிறங்கினார். பேண்டம்வெயிட் பிரிவில் பாபு லால், பாகிஸ்தான் வீரரை வென்றபின் பியூர்ட்டோ ரிக்கோவின் ஹுவான் வெனகாஸிடம் தோற்றார். அந்த வெனகாஸ், வெண்கலம் வென்று தமது நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தவர் ஆவார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் பினய் போஸ், சக்தி மஜும்தார் ஆகியோர் இந்தியாவுக்காக ஆடினர்.

அதன்பின் வங்கத்தின் பங்கு படிப்படியாகக் குறைந்தது. ராணுவமும் ரயில்வேயும் தேசியப் போட்டிகளில் ஆதிக்கம் செலுத்தத் தொடங்கின. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய அணிகளைச் சுற்றியே நகரின் விளையாட்டு ஆர்வம் சுழன்றது. குத்துச்சண்டை கிதர்பூர், இக்பால்பூர் போன்ற துறைமுகப் பகுதிகளின் சிறு கழகங்களில் மட்டும் உயிர்ப்புடன் இருந்தது.

தமிழக வாசகர்களுக்கு இக்காட்சி புதிதன்று. வடசென்னையின் துறைமுகப் பகுதிகளிலும் குத்துச்சண்டை இவ்வாறே வேரூன்றியது. 2021-இல் வெளியான 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அம்மரபை அடுத்த தலைமுறைக்கு நினைவூட்டியது. 1994-இல் பாங்காக்கில் நடைபெற்ற உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி.தேவராஜன் தமிழகத்தைச் சேர்ந்தவர். இரு துறைமுக நகரங்களிலும் மரபு இருந்தது, சாதனையாளர்களும் தோன்றினர். தொடர்ச்சிதான் அறுந்துபோனது.

மறைந்துபோன எடைப்பிரிவு

கமரின் சாதனை தனிமரமாக நின்றதற்கு உள்ளூர்க் காரணங்களோடு உலகளாவிய காரணமும் ஒன்று உண்டு. அவர் ஆடிய லைட் ஃப்ளைவெயிட் எடைப்பிரிவு, 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. சிறிய உடல்வாகு கொண்ட வீரர்கள் நிறைந்த ஆசிய, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அது பெரும் வாய்ப்பாக அமைந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்குடன் அப்பிரிவு நீக்கப்பட்டது. பெண்களுக்கான பிரிவுகளைக் கூட்டுவதற்காக ஆண்களுக்கான பிரிவுகள் குறைக்கப்பட்டபோது, கீழ்முனையும் வெட்டப்பட்டது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களின் குறைந்தபட்சப் பிரிவு 52 கிலோவாகவும், பாரிஸில் 51 கிலோவாகவும் இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது 55 கிலோவாக உயர்கிறது. கமர் தங்கம் வென்றபோது இருந்த எடையைவிட இது 7 கிலோ அதிகம். அதாவது, உடல் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. உயரமும் கையின் நீளமும் முடிவைத் தீர்மானிக்கும் வளையத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

இதன் பாதிப்பை ஹரியாணாவின் அமித் பங்கால் நேரடியாக எதிர்கொண்டார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 49 கிலோ இறுதிச் சுற்றில், ரியோ ஒலிம்பிக் சாம்பியனான உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவை அவர் தோற்கடித்தார். எடைப்பிரிவு நீக்கப்பட்டதால் 52 கிலோவுக்கு மாறினார். 2019 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றபோதிலும், டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் யுபெர்ஹென் மார்டினெஸிடம் தமது முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்.

பெண்கள் பிரிவிலும் நிலைமை இதுவே. மேரி கோம் வென்ற 6 உலகப் பட்டங்களும் 48 கிலோ அல்லது அதற்குக் குறைவான பிரிவுகளில் கிடைத்தவை. ஒலிம்பிக்கில் ஆட அவர் 51 கிலோவுக்கு உயர வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் 48 கிலோ பிரிவில் உலக சாம்பியன் ஆன மீனாட்சி ஹூடாவின் எடைப்பிரிவும் ஒலிம்பிக்கில் இல்லை. அரசு நிதியும் பயிற்சி முகாம்களும் ஒலிம்பிக் பதக்க வாய்ப்பை ஒட்டியே திட்டமிடப்படும் நாட்டில், ஒலிம்பிக்கில் இல்லாத எடைப்பிரிவு மெல்ல மெல்லக் கவனத்திலிருந்தும் விலகிவிடும்.

மெக்சிகோ காட்டும் வேறுபாடு

அப்பிரிவு அறிமுகமான மெக்சிகோவில் சிறிய உடல்வாகு ஒரு தடையாகக் கருதப்படுவதில்லை. காரணம், அங்கு ஒலிம்பிக்குக்கு வெளியே தொழில்முறைக் குத்துச்சண்டை என்னும் மற்றொரு பாதை இருக்கிறது. கமரின் எடையை ஒத்த தொழில்முறைப் பிரிவில் மெக்சிகோவின் உம்பர்ட்டோ கொன்சாலெஸும் அமெரிக்காவின் மைக்கேல் கார்பஹாலும் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் மோதிய ஆட்டங்கள் உலகக் கவனத்தை ஈர்த்தன. அந்த எடைப்பிரிவில் முதன்முறையாக ஒரு வீரருக்கு 10 லட்சம் டாலர் ஊதியம் கிடைத்தது அப்போதுதான்.

அந்நாட்டின் புகழ்பெற்ற வீரர் ஹூலியோ சேசர் சாவெஸின் வாழ்க்கை இப்பாதையைத் தெளிவாக்குகிறது. ரயில்வே தொழிலாளியின் மகனான அவர், கைவிடப்பட்ட ரயில் பெட்டியில் உடன்பிறப்புகளுடன் வளர்ந்தவர். 1980-இல் 17 வயதில் தொழில்முறை வீரரானார். உள்ளூர் வளையங்களில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஊதியம் பெற்று முன்னேறிய அவர், 1984-இல் முதல் உலகப் பட்டத்தையும், 1987 நவம்பரில் எட்வின் ரொசாரியோவை வீழ்த்தி 61 கிலோ அளவிலான லைட்வெயிட் பட்டத்தையும் வென்றார். 1994 ஜனவரியில் முதல் தோல்வியைச் சந்திக்கும் முன் அவர் 89 வெற்றிகளையும் 1 சமநிலையையும் பெற்றிருந்தார். 1993 பிப்ரவரியில் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் அவரது ஆட்டத்தைக் காண 1.30 லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர்.

இதில் கவனிக்க வேண்டியது கூட்டத்தை விட, அதற்கு முந்தைய ஆண்டுகளே. முதல் ஆட்டத்துக்கும் முதல் உலகப் பட்டத்துக்கும் இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் அவரைத் தாங்கியது உள்ளூர் ஆட்டங்களின் வருமானமும் அனுபவமும்தான். கிதர்பூர் இளைஞருக்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகளைக் கடக்க வழியில்லை.

அதேவேளையில், தொழில்முறைப் பாதையை அப்படியே கொண்டாடுவதும் சரியாகாது. தலையில் தொடர்ந்து விழும் அடிகளின் விளைவுகள் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. புகழின் உச்சியில் இருந்த சாவெஸே போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்டு மீண்டதை வெளிப்படையாகக் கூறியுள்ளார். இந்தியாவில் 2015-இல் தொழில்முறைக்கு மாறிய விஜேந்தர் சிங், மறு ஆண்டில் டெல்லியில் ஆசிய பசிபிக் பட்டம் வென்றார். ஆனால், அவர் அப்போது ஒலிம்பிக் பதக்கத்தால் நாடறிந்தவர். பெயரறியாத இளைஞர் ஒருவர் அப்பாதையில் கால்வைக்கும் அளவுக்கு இங்கு ஆட்டங்களோ, வருமானமோ இல்லை.

ஹரியாணாவின் விடை

தொழில்முறைச் சந்தை இல்லாத நிலையில் ஹரியாணா மாற்று வழியைக் கண்டது. பிவானியில் பயிற்சியாளர் ஜகதீஷ் சிங் போன்றோர் உருவாக்கிய பயிற்சிக் கூடங்கள், பதக்கம் வென்றோருக்கு மாநில அரசு அளித்த பரிசுத் தொகை, வேலைவாய்ப்பு ஆகியவை ஒன்றிணைந்தன. விஜேந்தர் சிங், அகில் குமார் ஆகியோர் அம்மாநிலக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். ஒரு குடும்பம் தனது பிள்ளையைப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பும்போது, அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடிந்தது. லிவர்பூலில் இந்தியா வென்ற 2 தங்கம் உள்ளிட்ட 4 பதக்கங்களும் ஹரியாணா வீராங்கனைகளுடையவை என்பது குறிப்பிடத்தக்கது.

தேசிய நிர்வாகத்தின் குழப்பங்களும் பிற மாநிலங்களைக் கூடுதலாகப் பாதித்தன. 2012 டிசம்பரில் இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் சர்வதேச அமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டது. 2016-இல் புதிய சம்மேளனம் உருவாகும் வரை நிலையற்ற தன்மை நீடித்தது. வலுவான மாநில ஆதரவு பெற்ற வீரர்கள் அக்காலத்தைத் தாண்டினர். சிறு கழகங்களை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

நகரத்திடம் இருப்பவை

கொல்கத்தாவில் ஆர்வம் முற்றிலும் அணைந்துவிடவில்லை. 1990-களின் இறுதியில் கிதர்பூரில் முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் கையுறை அணியத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான ரசியா ஷப்னம், பின்னர் நாட்டின் முதல் பெண் குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள், சர்வதேச நடுவர்கள் வரிசையில் இடம்பிடித்தார். எதிர்ப்புகளைக் கடந்து சிறுமிகள் வளையத்துக்கு வந்த பகுதியில் திறமைக்குப் பஞ்சம் என்று கூறுவதற்கில்லை.

கமரின் இரண்டாம் பயணமும் அதையே உணர்த்துகிறது. 2019-இல் 38 வயதில் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அவர், அப்பதவியை வகித்த மிக இளையவர் என்ற பெயரைப் பெற்றார். அவரது காலத்தில்தான் அஸ்ஸாமின் லவ்லினா போர்கோஹைன் டோக்கியோவில் வெண்கலம் வென்றார். கிதர்பூரில் உருவான அறிவு பிற மாநிலத்தவருக்குப் பதக்கமாகக் கனிந்தது. ஆனால், சொந்த ஊரில் அதற்கு விளைநிலம் அமையவில்லை.

விளைநிலத்துக்கான கூறுகள் இந்நகரிலேயே உள்ளன. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கிதர்பூரை ஒட்டிய கார்டன் ரீச்சில் அமைந்துள்ளது. கிழக்கு ரயில்வே, மெட்ரோ ரயில்வே ஆகியவற்றின் தலைமையகங்களும் துறைமுக நிர்வாகமும் இங்கேயே இயங்குகின்றன. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கிழக்கு மண்டல மையம் சால்ட் லேக்கில் உள்ளது. விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் உள்ளூர் வீரர்களுக்குப் பணி, ஆண்டு முழுவதும் மாவட்ட அளவிலான ஆட்டங்கள், அனுபவம் மிக்க முன்னாள் வீரர்களின் வழிகாட்டல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பாதை உருவாகும்.

காலமும் நெருக்குகிறது. 2025-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, குத்துச்சண்டையை லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சேர்ப்பதை உறுதி செய்தது. 55 கிலோ என்ற புதிய வரம்பை எட்ட, மெலிந்த உடல்வாகு கொண்ட சிறுவர்களுக்குச் சீரான உணவும் பல ஆண்டுத் தசைப் பயிற்சியும் தேவை. ஊட்டச்சத்துக்கான செலவை மீன் சந்தைக் கூலியிலிருந்தோ தையல் கூலியிலிருந்தோ ஒரு குடும்பத்தால் ஈடுகட்ட இயலாது. அதை ஏற்பது அரசும் நிறுவனங்களுமே. அவ்வாறு ஏற்கப்படாவிடில், 48 கிலோ வீரர் ஒருவரால் நாட்டின் முதல் தங்கத்தை வென்ற இந்நகரம், அத்தகைய சிறுவர்களைப் போட்டிக்கு வெளியே நிறுத்தியே வைத்திருக்கும்.