வளையலை அடகு வைக்காம ஒரு டாக்டர் பட்டம்!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. இந்த வார அரட்டை எங்க ஊர் புதுமடத்துலேர்ந்து. வாசல்ல கடல் காத்து, அடுப்படியில உம்மா ஊசிக் கணவாய் சுத்தம் பண்ணிட்டு இருந்தாங்க. நம்ம வாய்தான் சும்மா இருக்காதே...

“உம்மா, இந்தக் கணவாயோட நரம்பை வெச்சுதான் ரெண்டு பேர் நோபல் பரிசே வாங்கினாங்க தெரியுமா?”

“வாங்கட்டும் வாப்பா. நீ அந்த மஞ்சத்தூள் டப்பாவை எடு!”

உம்மா கண்டுக்கலைன்னாலும் நீங்க கேளுங்க. மனுஷ நரம்பு இழை, தலைமுடியை விட மெல்லிசு. உள்ளே கம்பியைச் செருகி மின்சாரத்தை அளக்கிறதெல்லாம் நடக்காத காரியம். ஆனா, சில கணவாய்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் தடிச்ச ராட்சச நரம்பு இழை உண்டு. இங்கிலாந்துல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லினு ரெண்டு பேர் அதுக்குள்ள எலெக்ட்ரோடை விட்டு அளந்தாங்க. 1952-ல் அவங்க எழுதின கட்டுரையில நரம்பை எப்படி வரைஞ்சாங்க தெரியுமா? ஒரு கெபாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், சில பேட்டரிகள். நாம அரியர் வெச்ச அதே சர்க்யூட்! 1963-ல் நோபல் வந்துடுச்சு. நமக்கு இன்னும் ரிசல்ட்டே வரலை.

ட்ரிபிள்-ஈ படிக்கிற எனக்கு அதுலேர்ந்து மூளை மேல ஒரு கண்ணு. ராத்திரி சாப்பிடும்போது மாமா கிட்ட மெதுவா விஷயத்தை அவிழ்த்தேன். எங்க பக்கம் ‘சபுர்’னா வெளிநாட்டுப் பயணம். மாமா இருபது வருஷ சபுராளி.

“அடுத்த வருஷம் டிகிரி முடியுது. விசாவுக்கு நான் சொல்லி வெக்கிறேன் மருமவனே.”

“இல்ல மாமா... மூளை ஆராய்ச்சியில பிஎச்.டி. பண்ணலாமானு...”

“இன்னும் அஞ்சு வருஷப் படிப்பா? யாரு காசு கட்டுறது?”

நியாயமான கேள்வி பாஸ்! பக்கத்து ராமேஸ்வரத்துல பிறந்த நம்ம கலாம் ஐயா எம்.ஐ.டி.யில சேர்றப்ப, அட்மிஷனுக்கு ஆயிரம் ரூபா இல்லாம, அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வெச்சுக் கொடுத்தாங்க. அதே கலாம், ஜனாதிபதியா 2003 டிசம்பர்ல ஹரியானா மாநிலம் மானேசர்ல தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். சுருக்கமா என்.பி.ஆர்.சி. மத்திய பயோடெக்னாலஜி துறையோட பணத்துல நடக்கிற இந்த மையத்தோட முதல் இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். 2002-லேயே நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வாங்கினதால, அவங்களே பிஎச்.டி. பட்டம் கொடுக்கலாம். பயாலஜி ஆளுங்க மட்டும் இல்ல, பிசிக்ஸ், மேத்ஸ், சைக்காலஜி, பி.இ. படிச்சவங்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே பிஎச்.டி. பண்றவங்களுக்கு மாசா மாசம் ஃபெல்லோஷிப். அதாவது, அக்கா வளையல் பத்திரம்!

எவ்வளவு வரும்? மத்திய அரசோட ஜே.ஆர்.எஃப். கணக்குப்படி, 2023 ஜனவரியிலேர்ந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய். அப்புறம் எஸ்.ஆர்.எஃப். ஆனா 42,000.

ஆனா மக்களே, எவ்வளவுங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘பணம் யார் பேர்ல வருது?’ மூணு பாக்கெட் இருக்கு.

ஒண்ணு, உங்க பாக்கெட். நெட் மாதிரி தேர்வு எழுதி நீங்களே ஜெயிச்ச ஜே.ஆர்.எஃப். அது உங்க பேர்ல வர்ற பணம்.

ரெண்டு, புரொஃபஸரோட புராஜெக்ட் பாக்கெட். அவருக்கு மூணு வருஷத்துக்கு கிராண்ட் வந்தா, உங்க சம்பளமும் அதுவரைதான். புராஜெக்ட் முடிஞ்சு தீசிஸ் முடியலைன்னா... அம்புட்டுத்தான். கைடோட ஒத்துவரலைனு லேப் மாறினா, பணம் கூடவே வராது. பல பேர் வாயை மூடிக்கிட்டு இருக்கக் காரணமே இதுதான்.

மூணு, நிறுவனத்தோட பாக்கெட். ஒரு ஆளை நம்பாம, ‘இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுங்க’னு நிறுவனத்துக்கே பணம் வரும். அமெரிக்காவுல இதுக்குனே டி-32 னு ஒரு கிராண்ட் இருக்கு. அந்த நாட்டு சுகாதார ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்., பல்கலைக்கழகத்துக்குப் பணத்தைக் கொடுத்துடும். மாணவர்களைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கும். நியூரோசயின்ஸுக்குனு தனியாவே இப்படிக் கொடுக்கிறாங்க. உடனே பாஸ்போர்ட்டைத் தேடாதீங்க... அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தரமா குடியேறினவங்களுக்கு மட்டும்தான் அது. ஆனா ஐடியா சூப்பர்! ஆரம்பத்துல பல லேப்ல வேலை பார்த்துட்டு, பிடிச்ச இடத்துல உட்காரலாம். மாணவன் ஒரு புரொஃபஸரோட ஆள் இல்ல, நிறுவனத்தோட ஆள்.

நம்ம ஊர்ல அதுக்குப் பக்கத்துல வர்றது, என்.பி.ஆர்.சி. மாதிரி நிறுவனமே பொறுப்பெடுத்துப் பயிற்சி கொடுக்கிற இடங்கள்தான். பெங்களூர்ல நிம்ஹான்ஸ், ஐ.ஐ.எஸ்சி.யில 2009-ல் தொடங்கின நியூரோசயின்ஸ் மையம்னு போய்ப் பார்க்க இடம் இருக்கு. மானேசர் தூரம்னு நினைச்சா, சென்னை ஐ.ஐ.டி.யில 2022-ல் திறந்த சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கு. இன்ஃபோசிஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்த நிதியில வந்தது. 2024 டிசம்பர்ல ‘தரணி’ங்கிற பேர்ல, கருவுல இருக்கிற சிசுவோட மூளையை 5,132 மெல்லிய வெட்டுத் துண்டுகளா டிஜிட்டல் படமாக்கி, உலகமே இலவசமா பார்க்கிற மாதிரி வெளியிட்டாங்க. இமேஜ் பிராசசிங், டேட்டா... எல்லாம் நம்ம ஏரியாதானே?

சரி, குறையையும் சொல்லிடறேன். 37,000 சும்மா வரலை. 2018, 19-ல் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவுல இறங்கின பிறகுதான் 25,000, 31,000 ஆச்சு. அடுத்த உயர்வுக்கு நாலு வருஷம் காத்திருக்கணும்னு ஆச்சு. ஃபெல்லோஷிப் மாசக்கணக்குல தள்ளிப் போறதும் உண்டு. வீட்டுக்கு மாசா மாசம் பணம் அனுப்ப வேண்டிய பையனுக்கு, அந்தத் தாமதம் சின்ன விஷயம் இல்ல. முடிச்சதும் வேலை உறுதினும் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க.

அதனால, சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப் சீனியர் யாரையாவது டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் மூணு கேள்வி கேளுங்க. பணம் யார் பேர்ல வருது? எத்தனை வருஷத்துக்கு? கைடு மாறினா பணம் என்ன ஆகும்? டீக்காசு நீங்களே கொடுத்துடுங்க, அவருக்கு இந்த மாசம் வந்திருக்காது!

இதையெல்லாம் மாமா கிட்டயும் சொன்னேன். கணவாய்த் தொக்கைப் பிசைஞ்சபடி யோசிச்சார்.

“படிக்கிறதுக்கு அவங்க நமக்குக் காசு தர்றாங்க... ஆனா லேட்டா தருவாங்க?”

“ஆமா மாமா.”

“எங்க கம்பெனியும் அப்படித்தான்டா. சரி, பரீட்சை எப்போ?”

கேட் புத்தகத்தை எடுத்துட்டேன் ஃப்ரெண்ட்ஸ். அடுத்த வாரம் பார்ப்போம்!