விலைக்கு வந்த கன்னியர் மடம்

மனையறம் காப்பார்க்கு ஒரு வீடு வேண்டும்; மனையைத் துறந்தார்க்கும் ஒரு வீடு வேண்டும். இவ்விரண்டாவது வீட்டை மேலைநாட்டார் பல நூற்றாண்டுகளாகக் கல்லாலும் சுண்ணத்தாலும் உறுதிபெறக் கட்டித் துறவியர்க்கு அளித்தனர். அங்ஙனம் துறந்தார்க்கென எழுந்த வீடு இக்காலத்தே துறவாதார்க்கு விலைக்கு வருகின்றது. பழைய கன்னியர் மடத்தினுள் புதுவதாக வகுத்த அடுக்குமாடி வீடு விற்பனைக்கு உண்டு என்னும் விளம்பரம் இத்தாலி முதலிய நாடுகளில் அரிதன்று. வளைந்த மேற்கூரை, முழங்கை நீளம் தடித்த சுவர், அவற்றினிடையே புத்தம் புதிய சமையலறை, மின்தூக்கி என்று அவ்விளம்பரங்கள் அடுக்கிச் செல்கின்றன. இவற்றோடு அமைதியும் விலைப்பொருள்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இவ்விற்பனை தகுமோ தகாதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

இறைவனுக்கென ஒதுக்கிய கட்டடத்தில் இல்லறத்தார் குடிபுகுதல் எவ்வாற்றானும் தகாது என்பாரும் உளர். இவர் கூற்றை வரலாறு முற்றும் ஒப்புவதன்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்த காலத்து, லேக்கக் என்னும் சிற்றூரிலிருந்த கன்னியர் மடம் 1539ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதனை வில்லியம் ஷாரிங்டன் என்பார் விலைக்கு வாங்கி, ஆலயத்தை இடித்து, எஞ்சியதைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். ஆலயம் அழிந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் கன்னியர் உலவிய தாழ்வாரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. 1835ஆம் ஆண்டில் அவ்வில்லத்தின் உரிமையாளராகிய பாக்ஸ் டால்பட் என்பார், அதன் சாளரம் ஒன்றையே ஒளிப்படமாகப் பதித்தார். இன்று எஞ்சியுள்ள ஒளிப்பட எதிர்ப்படிவங்களுள் மிகப் பழமையானது அதுவே. அதே 1539ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பவுண்டன்ஸ் என்னும் துறவியர் மடமோ, கூரையின் ஈயம் உரிக்கப்பட்டு, வானமே கூரையாகப் பாழ்பட்டுக் கிடக்கின்றது. ஆள் வாழும் வீட்டில் அடுப்பெரியும். அடுப்பெரியும் வீட்டின் கூரை காக்கப்படும். ஆதலின் மடம் வீடாதல் ஒன்றையே குற்றமெனக் கூறுதல் பொருந்தாது.

அன்றியும், இற்றைநாளில் மடங்களை விற்பார் பலர் பேராசையால் விற்பாரல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளின், 1965ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,80,000 கத்தோலிக்கக் கன்னியர் அங்கிருந்தனர். 2014ஆம் ஆண்டிலோ அவர் தொகை 50,000க்கும் குறைந்துவிட்டது. எஞ்சினோருள் பெரும்பாலார் முதியோர். நூறு பேர்க்கெனக் கட்டிய மாளிகையில் பத்து மூதாட்டியர் இருந்து, ஒழுகும் கூரையையும் வளரும் மருத்துவச் செலவையும் எங்ஙனம் தாங்குவர்? விற்றலன்றி வேறு வழி காணாதாரைப் பழித்தல் அறமன்று.

பழைய மடவாழ்வைப் பொற்காலமெனப் புனைந்து போற்றுதலும் உண்மைக்கு ஒவ்வாது. வானநூற் புலவர் கலிலியோ தம் புதல்வியர் இருவரையும் 1613ஆம் ஆண்டில், இளம்பருவத்திலேயே, பிளாரன்ஸ் நகர்க்கருகிலிருந்த ஒரு மடத்தில் சேர்த்துவிட்டார். சீதனம் கொடுத்து மணமுடிக்க இயலாத மகளிர்க்கு அக்கால இத்தாலியில் மடமே புகலிடமாயிற்று. வெனிஸ் நகரத்து ஆர்க்காஞ்சலா தாராபொத்தி என்னும் கன்னிகை, மகளிரை அவர் விருப்பமின்றி மடத்தில் அடைக்கும் வழக்கத்தைக் கடிந்து பதினேழாம் நூற்றாண்டிலேயே நூல்கள் இயற்றினார். சீதனக் கொடுமையை நன்கறிந்த நம் நாட்டார்க்கு அவர் முறையீடு எளிதில் விளங்கும். ஆகவே அச்சுவர்கள் சிலர்க்குப் புகலிடமும் சிலர்க்குச் சிறையுமாய் நின்றன என்பதே உண்மை.

அங்ஙனமாயின் யாம் குறைகூறுவது யாதினை? பொதுவாயிருந்தது தனியாய்ப் போவதனையே குறைகூறுகின்றோம். மடத்தின் அமைப்பைச் சற்றே நோக்குக. கன்னிகை ஒருத்திக்கு உரியது ஒரு சிற்றறை. முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், உணவுக்கூடமும், தோட்டமும், ஆலயமும் எல்லார்க்கும் உரியன. தனக்கெனச் சிறிதும் பிறர்க்கெனப் பெரிதும் வகுத்ததே அக்கட்டடத்தின் இலக்கணம். இன்றைய விற்பனையிலோ அவ்விலக்கணம் தலைகீழாகின்றது. நான்கு சிற்றறைகளை ஒன்றாக்கி ஒருவர்க்கு விற்கின்றனர். ஆலயத்தைக் குறுக்கே தடுத்து மாடியாக்குகின்றனர். முற்றத்துக்குப் பூட்டும் திறவுகோலும் அமைக்கின்றனர். கல் அழியவில்லை, கல்லின் கருத்து அழிகின்றது. விளம்பரம் கூறும் அமைதியும் அத்தகையதே. மடத்தின் அமைதி சுவரின் தடிப்பினாற் பிறந்ததன்று. நாவடக்கிய மாந்தரின் நோன்பினாற் பிறந்தது. சுவரை விற்கலாம்; நோன்பை விற்றல் யார்க்கும் இயலாது.

இதற்கு மாறாகவும் செய்தல் கூடுமோ எனின், கூடும் என்பதற்குப் பிளாரன்ஸ் நகரமே சான்று. அங்கே லே முராத்தே என்றொரு மடம் உண்டு. அப்பெயர்க்குச் 'சுவரெழுப்பி அடைக்கப்பட்ட மகளிர்' என்பது பொருள். ஆற்றுப் பாலத்தின்மேல் சிற்றறைகளில் தம்மை அடைத்துக்கொண்டு தவமிருந்த மகளிர், 1424ஆம் ஆண்டில் கிபெல்லினா வீதிக்குக் குடிபெயர்ந்து இம்மடத்தை வளர்த்தனர். பின்னாளில் பிரான்சு நாட்டரசியாகிய கத்தரீன் தெ மெதிச்சி, சிறுமியாயிருந்தபோது இங்கே வளர்ந்தாள். நெப்போலியன் ஆட்சியில், 1808ஆம் ஆண்டில், மடம் கலைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது ஆடவர் சிறைச்சாலையாக மாறி, 1980களில் கைதிகள் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்படும்வரை அங்ஙனமே நின்றது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தபோது இச்சிறையையும் வெள்ளம் சூழ்ந்தது.

நகர் நடுவண் அமைந்த இவ்விடத்தைச் செல்வர்க்கு விற்றிருப்பின் பெரும்பொருள் கிடைத்திருக்கும். நகராட்சியார் அது செய்திலர். இரென்சோ பியானோ என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த நெறியைத் தழுவி, வருவாய் குறைந்த குடும்பங்கட்குக் குறைந்த வாடகையில் வீடுகள் அமைத்தனர். முற்றங்களை வழிப்போக்கர்க்கும் திறந்துவிட்டனர். நூல் பேசும் சிற்றுண்டிச்சாலையும் கலைக்கூடமும் அங்கே அமைந்தன. முன்னாட் சிறையறைகள் சிலவற்றையும் நினைவுக்காக நிறுத்தி வைத்தனர். ஆக, மடம் மீண்டும் பொதுவாயிற்று. நோன்பு திரும்பவில்லை, பகிர்வு திரும்பிற்று.

நகராட்சிக்கு இயல்வது முதிய கன்னியர்க்கு இயலுமோ என்று வினவலாம். முழுவதும் இயலாது, ஒரு பகுதி இயலும். விற்கும்போதே மூன்று கட்டளைகளைப் பத்திரத்தில் எழுதுதல் வேண்டுமென யாம் கருதுகின்றோம். முற்றமும் தோட்டமும் எக்காலத்தும் பொதுவாயிருத்தல் ஒன்று. வீடுகளுள் சில எளியோர்க்கு எளிய வாடகையில் விடப்படுதல் ஒன்று. விலைப்பொருள் முதற்கண் முதிய கன்னியரின் பராமரிப்புக்கும், எஞ்சியது ஏழையர்க்கும் செல்லுதல் ஒன்று. இவற்றால் விலை குறையும் என்பதை யாம் மறுக்கவில்லை. அக்குறைவே விற்பாரின் கொடையாகும்.

1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி, வழிபாட்டுக்கு உதவாத ஆலயத்தை உலகியற் பயனுக்கு விடலாம், இழிந்த பயனுக்கு விடலாகாது என்கின்றது. போப்பாண்டவர் பிரான்சிஸ் இன்னும் ஒருபடி மேற்சென்றார். 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ரோமாபுரியில் அகதிகட்கு உணவளிக்கும் நிலையமொன்றைக் காணச் சென்றபோது, வெறுமையான மடங்கள் விடுதிகளாகிப் பொருளீட்டுதற்கு உரியனவல்ல, அகதிகட்கே உரியன என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். இழிந்த பயன் யாது என்னும் வினாவுக்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை.

பிறர் கொடையால் எழுந்த கட்டடத்தில் அமர்ந்து பயிலும் மாணவராகிய நமக்கு இவ்வாராய்ச்சி அயலதன்று. கொடுத்தார் மறைந்தனர், நிலத்தின் விலையோ நாடோறும் ஏறுகின்றது. ஒரு கட்டடத்தின் முதற்பயன் முடிந்தபின் அதனை என் செய்வது என்னும் வினா நம் தலைமுறையார்முன்னும் ஒருநாள் வந்து நிற்கக்கூடும். அந்நாளில், என்ன விலைக்குப் போகும் என்பதற்குமுன், யார்க்குப் பயன்படும் என்று கேட்கும் நெஞ்சம் நமக்கு வாய்ப்பதாக.