பாலை அளக்கும் கருவி யார் கையில்?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளிலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் பலவற்றின் அன்றாடச் செலவை இரண்டொரு கறவை மாடுகளே தாங்குகின்றன. கூலி வேலை இல்லாத வாரத்திலும், தேயிலைக் கொழுந்து குறையும் மாதத்திலும் பால் பணம் வந்து சேர்கிறது. இந்தத் தொழுவங்களுக்கும் பால் சங்கங்களுக்கும் இன்று நவீன தொழில்நுட்பம் பல வடிவங்களில் வந்து சேர்ந்திருக்கிறது: கணினியோடு இணைந்த பால் பரிசோதனைக் கருவி, குளிரூட்டும் கலன், கறவை இயந்திரம், மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லை, கிடேரிக் கன்றையே பெரும்பாலும் தரும் சினை ஊசி. உழைப்பின் சுமையைக் குறைக்கும் எந்தக் கருவியையும் நாம் வரவேற்கிறோம். அவை யாருடைய கட்டுப்பாட்டில், என்ன விலையில், எந்த மொழியில் வருகின்றன என்பதே நாம் விவாதிக்க வேண்டியது.

இடுக்கிக்கு இது புதிய அனுபவமன்று. மூணாறுக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டியில் 1963இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து, பின்னர் ‘சுனந்தினி’ எனப் பெயர்பெற்ற கலப்பினத்துக்கு வித்திட்டது. உறைவிந்துத் தொழில்நுட்பம் மலையிலிருந்து மாநிலமெங்கும் பரவியது. அப்பணி 1976இல் அமைந்த அரசு வாரியத்தின் கைக்கு வந்தது. 1980இல் மில்மா உருவானது. உயர்ந்த தொழில்நுட்பம் பொதுத்துறை வழியாக ஒரு மாடு வைத்திருப்பவரின் கொட்டில் வரை சென்றது என்பதே இந்த வரலாற்றின் சிறப்பு. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கலப்பினத்தைப் பரப்பும் வேகத்தில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு நாட்டுக் காளைகள் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. வெச்சூர்ப் பசு அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1989இல் மண்ணுத்தியில் டாக்டர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் தேடியலைந்து சேகரித்த சில மாடுகளிலிருந்துதான் அந்த இனம் மீண்டது. அதிகாரிகளின் இலக்குக் கணக்கு மட்டுமே தொழில்நுட்பத்தை நடத்தும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இப்போது சங்கத்தின் மேசையில் இருக்கும் கருவிக்கு வருவோம். பாலின் விலை அதன் அளவால் மட்டும் அமைவதில்லை. கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. பசும்பாலுக்குச் சட்டம் விதித்துள்ள குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2 சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 சதவீதம். முன்பு லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்த்தார்கள். அமிலம் ஊற்றிக் குழாயைச் சுழற்றிக் கொழுப்பைக் கண்டார்கள். அதில் தாமதமும் இருந்தது, சோதிப்பவரின் தயவும் இருந்தது. மீயொலி அலையைப் பாலுக்குள் செலுத்திச் சில நொடிகளில் எண்ணைக் காட்டும் கருவி அந்தத் தயவை ஒழித்திருக்க வேண்டும். ஓரளவு ஒழித்தும் இருக்கிறது. எனினும் கருவியும் தவறும். நுரை அடங்காத பாலை வைத்தால், உள்குழாயில் பால் படிவு தங்கினால், பழைய முறைச் சோதனையோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தி அமைக்காவிட்டால், எண் மாறும். நாளொன்றுக்கு 12 லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் மாதம் 360 ரூபாய் போய்விடும். கறந்த பாலில் தண்ணீர் கலந்தார் என்ற பழிச்சொல் வேறு. சித்தூர்ப் பகுதியின் கோடையில் பச்சைத் தீவனமின்றி வைக்கோலை மட்டும் தின்னும் கலப்பினப் பசுவின் பாலில் திடப்பொருள் தானாகவே குறையும் என்பதை அந்தக் கருவி சொல்லாது.

ஆகவே கருவியின் எண்ணைக் கேள்வி கேட்கும் உரிமை உற்பத்தியாளருக்கு வேண்டும். கேள்வி கேட்க முதலில் அது புரிய வேண்டும். கருவி அச்சிட்டுத் தரும் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்க எழுத்துகளில் இருக்கிறது. துறையின் இணையவழி விண்ணப்பங்களும் அறிவிப்புகளும் தமிழில் கிடைப்பதில்லை. மாட்டைப் பராமரிப்பவர், கறப்பவர், சங்கத்துக்குச் சுமந்து வருபவர் பெரும்பாலும் பெண்கள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் ஏராளம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை அளித்துள்ளது. பால்வளத் துறையும் கால்நடைத் துறையும் இதற்கு உட்பட்டவை. கூட்டுறவுச் சங்கம் அரசு அலுவலகம் அன்று என்று சிலர் சொல்லக்கூடும். உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் அமைப்பு உறுப்பினரின் மொழியில் கணக்குக் காட்டுவதற்குச் சட்டத்தின் கட்டாயம் எதற்கு? மென்பொருளில் எழுத்துருவை மாற்றுவது பெரிய தொழில்நுட்பச் சிக்கலும் அன்று.

தோட்டப் பகுதியின் நிலை இன்னும் கடினம். 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குடிகிடப்புக்காரர்களுக்கு வீட்டு மனையைத் தந்தது. அந்த மனையின் ஓரத்தில்தான் பல இடங்களில் தொழுவம் எழுந்தது. தோட்டங்களுக்கோ உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. லயத்தில் வாழும் தொழிலாளி மாடு கட்டும் இடமும் கம்பெனியின் நிலமே. நில வரி ரசீது கேட்கும் எந்தத் திட்டமும் இவர்களைத் தொடாது. கறவை இயந்திரத்துக்கும் தொழுவத்துக்கும் எவ்வளவு மானியம் அறிவித்தாலும் பயன் கிடைக்காது. 2022 அக்டோபரில் மூணாறு நயமக்காடு தோட்டத்தில் தொழுவத்துக்குள் புகுந்த புலி பல மாடுகளைக் கொன்றது. இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் காதுவில்லை எண் உதவும் என்பது உண்மைதான். ஆனால் உறுதியான சுவரும் கதவும் உள்ள தொழுவத்தைக் கட்ட இடமும் அனுமதியும் தராமல் எண்ணை மட்டும் தருவது எப்படிப் போதும்?

சினைப் பருவத்தை அறியும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். பசுவின் சினைச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். பருவ அறிகுறி நீடிப்பது ஒரு நாளுக்கும் குறைவே. இரவில் வந்து போன அறிகுறியைத் தவறவிட்டால், மூன்று வாரத் தீவனம் வீண். கழுத்துப்பட்டை உணரியால் இதைக் கண்டறியலாம். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. அவருக்கு வேண்டியது அழைத்தவுடன் வரும் சினை ஊசிப் பணியாளர்; அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் செயலியைப் புகழ்வது வேடிக்கை. பாலினம் பிரித்த விந்துத் தொழில்நுட்பம் நெடுங்காலம் அந்நிய நிறுவனங்களின் பிடியில் இருந்தது. 2024 அக்டோபரில் உள்நாட்டுத் தொழில்நுட்பம் அறிமுகமானபின் விலை குறைய வழி பிறந்துள்ளது. பொதுத்துறை ஆராய்ச்சியால் பயன் உண்டு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு நேர்மாறாக, 2022 ஜூலை 18 முதல் கறவை இயந்திரங்களுக்கும் பால்பண்ணைக் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. அதே நாளில் உறையிலிட்டு விற்கும் தயிருக்கும் மோருக்கும் 5 சதவீத வரி வந்தது. சிறு உற்பத்தியாளரை நவீனமாக்குவோம் என்று சொல்லிக்கொண்டே ஒன்றிய அரசு செய்த வேலை அது.

தனியாக ஒரு குடும்பம் வாங்க இயலாத கறவை இயந்திரத்தையும் தீவனம் நறுக்கும் இயந்திரத்தையும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். குடும்பஸ்ரீயின் க்ஷீரசாகரம் போன்ற குழு முயற்சிகள் இதற்கு முன்மாதிரி. எல்லைப் பகுதிக் கிளைகளும் விவசாய, தோட்டத் தொழிற்சங்கத் தோழர்களும் வரும் சங்கப் பொதுக்குழுக் கூட்டங்களில் மூன்று தீர்மானங்களை முன்வைக்க வேண்டும்: பால் சீட்டும் விலைப்பட்டியலும் தமிழிலும் தரப்பட வேண்டும், மாதம் ஒருமுறை உறுப்பினர்கள் முன்னிலையில் கருவி சோதிக்கப்பட்டு முடிவு பலகையில் எழுதப்பட வேண்டும், லயத்தில் வாழ்பவர்களுக்கு நில ஆவணத்துக்கு மாற்றாகச் சங்க உறுப்பினர் அட்டை ஏற்கப்பட வேண்டும். முதல் இரண்டையும் சங்க நிர்வாகக் குழுவே முடிவு செய்யலாம். மூன்றாவதற்குத் துறை அமைச்சருக்கு மனு அளிக்க வேண்டும். அந்த மனுவைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதிலையும் கேட்டுப் பெற வேண்டும்.